பெரம்பூர் பாஸ், தொண்ணூறு சதவீதத் தள்ளுபடி

சம்பந்தம் நடத்திவந்த குழுவுக்குப் பெயர் ‘சல்லிசு’. அதில் பதினோராயிரம் பேர் இருந்தார்கள். எல்லோரும் வீட்டில் ஓர் அறையை ஒழித்து, ஒரு கணினியையும் இரண்டு ஸ்பீக்கரையும் வைத்துக்கொண்டு இசையமைப்பவர்கள். கல்யாண வீடியோ, துணிக்கடை விளம்பரம், கட்சிப் பாட்டு, பக்திப் பாட்டு என்று எது வந்தாலும் செய்வார்கள். கையில் காசு புரளாதவர்கள். ஆனால் அந்தத் தொழிலுக்கு வேண்டிய மென்பொருள்களும், அவற்றுக்குள் செருகிக்கொள்ளும் பிளகின்களும் யானை விலை. எனவே உலகத்தில் எந்த மூலையில் எந்த நிறுவனம் விலையைக் குறைத்தாலும் அதைத் தேடிப் பிடித்து, காலை ஒன்பது மணிக்குள் குழுவில் போட்டுவிடுவது சம்பந்தத்தின் வேலை.

வேலை என்று சொன்னாலும் அவர் அதற்குச் சம்பளமோ கமிஷனோ வாங்கியதில்லை. அவரும் ஒரு காலத்தில் சினிமா ஒலிப்பதிவுகளில் கீபோர்டு வாசித்தவர்தான். இப்போது ஐம்பத்தாறு வயதில், கொளத்தூர் வீட்டு மாடியில் விளம்பரங்களுக்கு இசை செய்துகொண்டிருந்தார். எந்த நிறுவனம் எந்த மாதத்தில் விலை குறைக்கும், எந்தத் தள்ளுபடி முதல் நாள் விலையை ஏற்றிவிட்டு மறுநாள் இறக்கிக் காட்டும் ஏமாற்று, எதைச் சின்னதாக வாங்கிப் பிறகு பெரியதற்கு மாறினால் பாதி விலையில் முடியும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பதினோரு ஆண்டுகளில் அவர் சொன்ன விலை ஒரு முறைகூடத் தப்பியதில்லை. சம்பந்தம் அண்ணன் வாங்கு என்றால் வாங்குவார்கள், பொறு என்றால் பொறுப்பார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் கடைசியில், பெரிய தள்ளுபடிகள் வரும் வாரத்தில், அவர் ஒரே ஒரு பிளகினுக்கு மட்டும் நீளமாக எழுதுவார். அதன் பெயர் ‘பெரம்பூர் பாஸ்’.

பழைய பிளகின்களில் வாத்தியத்தின் சத்தம் மட்டும்தான் இருந்தது. வாசிக்க ஓர் ஆள் வேண்டும். பிறகு ‘அச்சொலி’ என்ற நிறுவனம் வந்தது. வாசிக்கிறவரையே அது உள்ளே எடுத்து வைத்தது. மெல்லிய கம்பிகள் ஓடும் கையுறையை மாட்டி நாற்பது நாள் அவரை வாசிக்கச் சொல்வார்கள். இயந்திரம் அவர் விரலின் அழுத்தத்தைக் கற்றுக்கொள்ளும். கூடவே அவருடைய யோசனையையும் கற்றுக்கொள்ளும். புதிதாக ஒரு மெட்டைக் கொடுத்தால், அந்த மனிதர் அதற்கு என்ன வாசித்திருப்பாரோ அதையே வாசிக்கும். பெரம்பூர் பாஸ் என்பது அப்படி எடுத்து வைக்கப்பட்ட ஒரு பாஸ் கிதார்க்காரர், பாட்டுக்கு அடியில் ஓடும் கனத்த சுரங்களை வாசிப்பவர். விற்பனைப் பக்கத்தில் அவர் பெயர் கிடையாது. பெயர் சம்பந்தத்துக்குத் தெரியும். அவர் வில்ஃபிரட் ஞானராஜ்.

இருவரும் இருபது வயதில் பெரம்பூர் ரயில்வே காலனியில் கிறிஸ்துமஸ் நடனங்களுக்கு ஒன்றாக வாசித்தவர்கள். பிறகு ஒன்றாகவே சாலிகிராமத்துக்கு ஒலிப்பதிவுக்குப் போனார்கள். மின்சார ரயிலில் கூட்டம் நெரிக்கும்போது வில்ஃபிரட் கிதாரை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு பார்க் ஸ்டேஷன் வரை நிற்பான். அந்தக் கதைகளைத்தான் சம்பந்தம் ஆண்டுக்கொன்றாக எழுதினார். ஓர் ஆண்டு எழுதியது இது: அழுகைக் காட்சி ஒன்றுக்கு முப்பது வயலின் வேண்டும் என்று கேட்டார் இயக்குநர். வயலின்காரர்கள் தயாராவதற்குள் வில்ஃபிரட் படத்தைப் பார்த்தபடி நான்கே சுரம் வாசித்தான்.  முப்பது பேரும் வயலினை உறையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். படத்தில் அந்த நான்கு சுரம் மட்டும் இருந்தது. கதையின் கடைசியில் சம்பந்தம் எழுதுவார்: ‘இந்தக் கை இன்று சல்லிசாகக் கிடைக்கிறது. வாங்கிக்கொள்ளுங்கள். என் நண்பனுக்கும் ஏதோ கொஞ்சம் போய்ச் சேரும்.’

அதைப் படித்து நூறு பேர், நூற்றைம்பது பேர் வாங்குவார்கள். சம்பந்தம் தான் எழுதியதை வில்ஃபிரட்டுக்கும் அனுப்பிவைப்பார். ‘தேங்க்ஸ்டா’ என்று ஒரு சொல் பதில் வரும். நேரில் பார்ப்பது குறைந்துபோய்விட்டது. வில்ஃபிரட் அயனாவரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவராகச் சேர்ந்திருந்தார். தானாக ஓடும் கார்கள் அயனாவரம் சந்துகளுக்குள் நுழைய மறுத்ததால் அந்த வேலை இன்னும் இருந்தது. பாட்டே வேண்டாம் என்று ஆகிவிட்டான் போலிருக்கிறது, வயசானால் சிலர் அப்படி ஆகிவிடுவார்கள் என்று சம்பந்தம் நினைத்துக்கொண்டார்.

அந்த நவம்பரில் பெரம்பூர் பாஸுக்குத் தொண்ணூறு சதவீதத் தள்ளுபடி வரப்போகிறது என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. எந்தக் கதையை எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த காலையில் வில்ஃபிரட்டின் மனைவி பமீலா வந்தார். அவர் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். ஜோலார்பேட்டை வண்டியில் டூட்டி முடித்து, கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக வந்திருந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு சொன்னார்.

“அண்ணா, இந்த வருஷம் அவரைப் பத்தி எழுதாதீங்க.”

தான் எழுதியதில் ஏதோ வார்த்தை வில்ஃபிரட்டைப் புண்படுத்திவிட்டது என்று சம்பந்தம் நினைத்தார். எந்தக் கதை, எந்த வரி என்று கேட்டார்.

“எழுதுறதுல தப்பே இல்லண்ணா. அதைப் படிச்சுட்டு வாங்குறாங்களே, அதுதான்.”

பமீலா கோட்டின் உள்பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். மகள் ஜோவிட்டாவின் சான்றிதழைத் தேடும்போது போன வாரம்தான் அவர் கண்ணில் பட்டதாம். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் அச்சொலியோடு வில்ஃபிரட் போட்ட ஒப்பந்தம்.

“இதுல என்ன இருக்குன்னு அவர் யார்கிட்டயும் சொல்லக் கூடாது. என்கிட்டகூடச் சொன்னதில்ல. ஆனா அவர்தான் கையெழுத்துப் போட்டிருக்கார், நான் போடல. அதான் நான் வந்தேன்.”

சம்பந்தம் படித்தார். பிளகின் விற்பனையில் இருக்கும்வரை வில்ஃபிரட் பிறர் காதில் விழும்படி பாஸ் கிதார் வாசிக்கக் கூடாது. கச்சேரியில் மட்டுமல்ல, வகுப்பில், தேவாலயத்தில், விருந்தில், எங்கேயும். வாசித்தால் அது தங்கள் பொருளுக்குப் போட்டி என்றது நிறுவனம். எல்லாருடைய போனிலும் திருட்டு இசையைக் கண்டுபிடிக்கும் காது ஒன்று இருந்தது. அது வில்ஃபிரட்டின் கையை எங்கே கேட்டாலும் நிறுவனத்துக்குச் சொல்லிவிடும்.

அது ஒரு தடவை நடந்தும் இருந்தது. ஜோவிட்டாவின் ஐந்தாவது பிறந்தநாளில் குழந்தைகள் கேட்டார்கள் என்று வில்ஃபிரட் அரைமணி நேரம் வாசித்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரின் போன் ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டது. எச்சரிக்கைக் கடிதமும் அபராதமும் வந்திருந்தன; பமீலாவுக்குத் தெரியாத அந்தக் கடிதமும் இந்தத் தாள்களோடுதான் இருந்தது. அன்றைக்குக் கிதாரைப் பீரோமேல் வைத்தவர்தான், பிறகு இறக்கவில்லை. அதாகிப் பத்து ஆண்டுகள்.

எதற்காக இதில் போய்க் கையெழுத்துப் போட்டான் என்று சம்பந்தம் கேட்டார். அந்த வருஷம் ஒலிப்பதிவு மாசத்துக்கு இரண்டாகக் குறைந்துபோயிருந்தது என்றார் பமீலா. இன்னும் அஞ்சு வருஷத்தில் கையால் வாசிப்பதற்கே யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். யாருமே கூப்பிடாத கையைப் பூட்டிவைத்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. அதோடு, யாரும் வாங்காவிட்டால் உரிமை திரும்பிவிடும் என்று ஒரு விதியும் இருந்ததாம்.

அந்த விதியின்மேல் பமீலா விரலை வைத்தார். தொடர்ந்து பன்னிரண்டு மாதம் ஒரு பிரதியும் போகாவிட்டால், விலைக்கோ இலவசமாகவோ, பிளகின் விற்பனையிலிருந்து எடுக்கப்படும். கை அதன் சொந்தக்காரரிடம் திரும்பிவிடும்.

அடுத்த தாள் விற்பனைக் கணக்கு. முதல் இரண்டு ஆண்டுகள் மாதாமாதம் சில பிரதிகள் போயிருந்தன. பிறகு சரசரவென்று இறங்கி ஒன்பது மாதம் எதுவுமே இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டிலும் நவம்பர் கடைசியிலும் டிசம்பர் முதல் நாட்களிலும் மட்டும் எண்கள். மற்ற மாதங்களில் வெறும் கோடு. சம்பந்தம் அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நூற்றுப் பன்னிரண்டு. நூற்று நாற்பது. வயலின்காரர்கள் டீ குடிக்கப் போன கதையை எழுதிய ஆண்டில் நூற்றெழுபத்தாறு.

“மூணாவது வருஷம் முடியறப்பவே தானா நின்னிருக்கும்ணா,” என்றார் பமீலா. 

சம்பந்தம் தாள்களை மேஜைமேல் வைத்தார். அவன் எனக்கு ஒரு ஜாடையாவது காட்டியிருக்கலாமே என்றார்.

“நான் இப்ப கேட்டேண்ணா. உலகத்துல என் வாசிப்பை ஞாபகம் வெச்சிருக்கறது அவன் ஒருத்தன்தான், அதையும் எப்படிப் போய் நிறுத்தச் சொல்றதுன்னார்.”

போன ஆண்டின் கடைசிப் பிரதி டிசம்பர் நான்காம் தேதி பகல் பன்னிரண்டுக்குப் போயிருந்தது. இன்னும் இருபத்துமூன்று நாள் இருந்தது. அதில் கடைசி இரண்டு வாரம் தள்ளுபடிக் காலம்.

சம்பந்தம் அந்த ஆண்டு எதுவும் எழுதவில்லை. எழுதாமலிருந்தால் போதும் என்று நினைத்தார். தள்ளுபடி தொடங்கிய முதல் நாளே திருச்சியிலிருந்து முபாரக் என்பவர் குழுவில் போட்டார்: ‘அண்ணன் மறந்துட்டாரு போல. பெரம்பூர் பாஸ் தொண்ணூறு சதவீதம். புதுசா சேர்ந்தவங்க விடாதீங்க.’ முபாரக் குழுவின் மிகப் பழைய உறுப்பினர், பாலக்கரையில் ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தவர். சம்பந்தம் அதை நீக்கினார். நீக்கியதைப் பலர் பார்த்துவிட்டார்கள். ஏன் என்று கேள்வி வந்தது. வேறு நிறுவனத்திடம் காசு வாங்கிவிட்டாரா என்று ஒருவர் கேட்டார். பதினோரு ஆண்டுகளில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னால் அது எப்படித் தெரிந்தது என்று நிறுவனம் வில்ஃபிரட்டைத்தான் பிடிக்கும். வாங்காதீர்கள், நன்றாக இல்லை என்று சொல்லலாம். அந்தக் கையைப் பற்றி அப்படி ஒரு வரி எழுத அவருக்கு விரல் வரவில்லை. கடைசியில், மலிவு தேடுகிறவனைக் கட்டிப்போட ஒரே ஒரு கயிறுதான் உண்டு என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. இதைவிட மலிவாக வரும் என்ற ஆசை.

‘பெரம்பூர் பாஸை இப்போது வாங்க வேண்டாம்,’ என்று எழுதினார். ‘பொறுங்கள். விலை இன்னும் இறங்கும்.’

பொறுத்தார்கள். முதல் வாரத்தில் ஒரு பிரதியும் போகவில்லை. விற்காத பொருளின் விலையை நிறுவனத்தின் இயந்திரமே இறக்கிக்கொண்டு வந்தது. தொண்ணூற்றைந்து சதவீதம் ஆயிற்று. அண்ணன் சொன்னால் சொன்னதுதான் என்று குழுவில் பாராட்டு வந்தது. இன்னும் இறங்கும் என்று எழுதினார். தொண்ணூற்றெட்டு ஆயிற்று. ஒரு நாள் காலை அதன் விலை கொளத்தூர் முனைக்கடையில் ஒரு டீயின் விலையாக இருந்தது. சம்பந்தம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாலிகிராமத்தில் அந்தக் கைக்காக மூன்று இசையமைப்பாளர்கள் ஒரே நாளில் கார் அனுப்பி வாசலில் காத்திருக்க வைத்தது அவருக்கு நினைவு வந்தது. அந்தக் கையை டீ விலைக்கு இறக்கியவர் இப்போது அவர்தான். அன்றைக்கு அவரால் டீ குடிக்க முடியவில்லை.

வில்ஃபிரட்டை அவர் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் இருவரும் இதைப் பேசாமல் இருக்க வேண்டும். அது முடியாது என்று தோன்றியது. ஒரு முறை மட்டும் அயனாவரத்தில் சிக்னலில் நின்றபோது டிரைவிங் ஸ்கூல் காரைப் பார்த்தார். ஸ்டியரிங்கில் ஒரு கல்லூரிப் பெண். பக்கத்தில் வில்ஃபிரட். இடது கை மடிமேல் கிடந்தது. நான்கு விரல்களும் அசையாமல் ஒட்டியிருந்தன. முன்பெல்லாம் எந்த ஊர்திக்குள் உட்கார்ந்தாலும் அவன் விரல் சும்மா இருந்ததில்லை.

டிசம்பர் மூன்றாம் தேதி காலை பதினொரு மணிக்கு விலை இருந்த இடத்தில் ‘இலவசம்’ என்று வந்தது.

சம்பந்தம் எழுந்து நின்றுவிட்டார். அவர் சொன்னது பலித்துவிட்டது. இதைவிட மலிவாக இனி வர வழியில்லை. குழுவில் முதல் ஆள் பார்த்துவிட்டால் போதும், ஐந்து நிமிடத்தில் ஆயிரம் பேர் எடுத்துவிடுவார்கள். ஒருவர் எடுத்தாலே முடிந்தது; இன்னும் ஓர் ஆண்டு. இன்னும் இருபத்தைந்து மணி நேரம் இருந்தது.

அவர் தட்டச்சு செய்யவில்லை. பதினோரு ஆண்டுகளில் முதல் தடவையாகக் குழுவில் தன் குரலைப் பதிந்து அனுப்பினார்.

“சம்பந்தம் பேசறேன். பெரம்பூர் பாஸ் இப்ப சும்மாவே கிடைக்குது. யாரும் எடுக்காதீங்க. விலை இறங்கும்னு நான் சொன்னது உங்களை நிறுத்தி வைக்கத்தான், வேற ஒண்ணுக்கும் இல்ல. காரணம் கேட்டா என்னால சொல்ல முடியாது. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் எனக்காக எடுக்காம இருங்க. இதுக்கப்புறம் என் பேச்சை நம்ப வேணாம்னு தோணிச்சுன்னா, அது நியாயம்தான்.”

நாற்பது பேர் உடனே குழுவை விட்டுப் போனார்கள். சிலர் கேலி செய்தார்கள். தள்ளுபடிக் குழு நடத்துகிறவர் இலவசத்தை வேண்டாம் என்கிறாரே, தலையில் ஏதாவது அடிபட்டுவிட்டதா என்று ஒருவர் கேட்டார். பிறகு குழு அமைதியாகிவிட்டது. அந்த அமைதிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் சம்பந்தம் அன்று முழுவதும் எந்த வேலையும் செய்யவில்லை.

மறுநாள் பகல் பன்னிரண்டுக்குப் பெரம்பூர் பாஸின் பக்கத்தைத் திறந்தார். இருந்தது. இரண்டு நிமிடம் கழித்துத் திறந்தார். அப்படி ஒரு பக்கம் இல்லை என்று வந்தது.

அவர் பமீலாவைக் கூப்பிட்டார். பமீலா ஓடும் வண்டியில் இருந்தார். சேதியைக் கேட்டதும் சரிண்ணா என்று மட்டும் சொன்னார். பின்னால் யாரோ சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் போனை வைக்காமல் காட்பாடி வரும்வரை அப்படியே காதில் வைத்திருந்தார்.

மாலையில் முபாரக் கூப்பிட்டார். அவரிடம் மட்டும் சம்பந்தம் எல்லாவற்றையும் சொன்னார். இனிச் சொல்லலாம். முபாரக் தன் பக்கத்தைச் சொன்னார்.

“அண்ணே, அது வேணுங்கற பழைய ஆளுங்க எல்லார்ட்டயும் முன்னாலயே இருக்கு. நீங்க சொல்லித்தானே வாங்குனோம். புதுசா சேர்ந்தவங்கதான் எடுத்திருப்பாங்க. ஒரு அறுநூறு பேர். நேத்து உக்காந்து ஒவ்வொருத்தருக்கா மெசேஜ் போட்டேன், அண்ணன் காரணமில்லாமச் சொல்லமாட்டாருன்னு.” பிறகு தயங்கிக் கேட்டார்: “எங்ககிட்ட இருக்கறதை அழிச்சுரவாண்ணே?”

 வில்ஃபிரட்டைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார் சம்பந்தம்.

உரிமையைத் திருப்பித் தருவதற்கு முன் ஒரு சடங்கு இருந்தது. கை இவருடையதுதான் என்று நிறுவனம் சரிபார்க்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் காலை, வில்ஃபிரட்டின் பெரம்பூர் வீட்டில் கணினித் திரைக்கு முன் உட்கார்ந்தார்கள். திரையில் அச்சொலியின் அலுவலர், கோயம்புத்தூர் பேச்சுப் பேசும் ஓர் இளம்பெண். வில்ஃபிரட் நாற்காலியில் ஏறிப் பீரோமேலிருந்து கிதாரை இறக்கினார். புதுக் கம்பி போட்டார். சம்பந்தத்தை அவர் நேராகப் பார்க்கவில்லை. தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அவர் வாசித்தது அதுதான். விரல் தடுக்கியது. வேகமான இடங்களில் கை ஏறவில்லை. விட்டுவிட்டு அடுத்த இடத்தில் போய்ச் சேர்ந்துகொண்டார். அந்தப் பெண் பணிவாக நன்றி சொன்னாள். கொஞ்சம் காத்திருக்கச் சொன்னாள். பிறகு கீழே பார்த்தபடி எதையோ இரண்டு தடவை படித்தாள்.

“சார், ஒப்புமை முப்பத்தொண்ணு சதவீதம்தான் வருதுங்க. அறுபதாச்சும் வந்தாத்தான் அது உங்க கைன்னு நாங்க எழுத முடியும்.”

வேண்டுமானால் இன்னொரு தடவை வாசிக்கலாம் என்றாள். வாசித்தார். இருபத்தொன்பது வந்தது.

இதற்கு என்ன அர்த்தம் என்று சம்பந்தம் கேட்டார். உரிமையைத் திருப்பித்தர முடியாது என்றாள் அவள். யாருடையது என்று உறுதியாகாத கையாக அது நிறுவனத்தின் கிடங்கில் இருக்கும், விற்பனைக்கு வராது. சாரைப் பொறுத்தவரை ஒரு தடையும் இல்லை. இந்தக் கை அந்தக் கை இல்லை என்று ஆகிவிட்டதால் எங்கே வேண்டுமானாலும் வாசிக்கலாம். சம்பந்தம் விடவில்லை. எந்த வருஷத்திலிருந்து இப்படி ஆகியிருக்கும் என்று கேட்டார். அந்தப் பெண் யோசித்தாள்.

“வாசிக்காம விட்டா ரெண்டு மூணு வருஷத்துலயே மாறிருமுங்க சார். அதுக்கப்புறம் எந்தப் போனுக்கும் அடையாளம் தெரிஞ்சிருக்காதுங்க.”

 ஏழு எட்டு ஆண்டுகளாக ஜன்னலை அகலத் திறந்துவைத்துக்கொண்டே வில்ஃபிரட் வாசித்திருக்கலாம். ஒரு கடிதமும் வந்திருக்காது. பமீலா எழுந்து சமையலறைக்குள் போனார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. அது நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

திரை அணைந்த பிறகு சம்பந்தம் தான் மனதில் வைத்திருந்த மன்னிப்பைக் கேட்டார்.  வில்ஃபிரட் கிதாரின் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அதை விடுடா. நீ எழுதுனதை நான் எத்தனை தடவை படிச்சிருக்கேன் தெரியுமா? ஆனா, படிக்கறப்ப எல்லாம், யாரோ ஒருத்தனைப் பத்திப் படிக்கற மாதிரிதான் இருக்கும். இன்னிக்கு இயந்திரமே சொல்லிருச்சு.”

முபாரக் கேட்டதைச் சம்பந்தம் சொன்னார். பிரதிகளை எல்லோரும் அழித்துவிடவா என்று.

வில்ஃபிரட் சிரித்தார். “எதுக்கு? அவன் இருக்கட்டும். நல்லா வாசிக்கிற பையன்.”

சம்பந்தம் ‘சல்லிசு’ குழுவில் நடந்ததை முழுதாக எழுதினார். போன நாற்பது பேரில் சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் ஆளையே உள்ளே எடுத்து வைத்த பிளகின்களுக்குத் தள்ளுபடி அறிவிப்புப் போடுவதை நிறுத்திவிட்டார். உள்ளே யார் இருக்கிறார், என்ன எழுதிக்கொடுத்திருக்கிறார் என்று தெரியாமல் விலை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. குழுவில் கேட்டவர்களிடமும் அதையே சொன்னார்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வில்ஃபிரட் அவரைக் கீபோர்டோடு வரச் சொன்னார். இரண்டு ஜன்னலும் திறந்திருந்தன. எதிர் வீட்டில் யாரோ மாவு அரைத்துக்கொண்டிருந்தார்கள். ஜோவிட்டா, இப்போது பதினைந்து வயது, தரையில் உட்கார்ந்து ஆம்ப்ளிஃபயர் பெட்டியின்மேல் உள்ளங்கையைப் பதித்து வைத்துக்கொண்டாள்.

நடனங்களில் வாசித்த பழைய மெட்டு ஒன்றைச் சம்பந்தம் தொடங்கினார். பதினோரு ஆண்டுகளாக அந்த மாதிரி மெட்டுகளைப் பெரம்பூர் பாஸோடு சேர்த்துத்தான் அவர் செய்திருந்தார். இந்த இடத்தில் பாஸ் இப்படி ஏறும், இந்த இடத்தில் இப்படி இறங்கும் என்று விரலுக்கே தெரியும். அந்த நம்பிக்கையில் விரல் ஓடியது. அங்கே யாருமில்லை. வில்ஃபிரட் ஏறவில்லை. ஒரே ஒரு சுரத்தை எடுத்து, அது முழுதாக அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு யாரும் எதிர்பார்க்காத தாழ்ந்த ஓர் இடத்தில் இன்னொன்றை வைத்தார். இரண்டுக்கும் நடுவே எதிர் வீட்டுக் கிரைண்டர் சத்தம் கேட்டது. சம்பந்தம் அப்படி ஒரு வாசிப்பைக் கேட்டதே இல்லை. நன்றாக இருக்கிறதா இல்லையா என்றுகூட அவருக்கு உடனே தெரியவில்லை. தடுமாறி, முன்னால் ஓடிப்போய், நிறுத்திவிட்டார்.

“மெதுவா வாடா,” என்றார் வில்ஃபிரட், கிதாரிலிருந்து கண்ணை எடுக்காமல். “எனக்கும் இது புதுசுதான்.”

சம்பந்தம் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.